பிறப்பு ஒரு தகுதிச் சான்றிதழ் அல்ல

“தாலுகா ஆபீஸ் வேலையும் கர்ப்பக்கிரக வேலையும் ஒன்றா?” அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆவது பற்றிப் பேச்செடுத்தாலே திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் எல்லோரும் சாதி வெறியர்கள் அல்லர். தங்கள் அலுவலகத்தில் இட ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டவர்கள், பிள்ளைகளின் நண்பர்களிடம் சாதி கேட்காதவர்கள், பக்கத்து மேசைக்காரரோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள்கூட இந்த ஓர் இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். சம வாய்ப்பு அலுவலகத்துக்கும் ஆலைக்கும் பொருந்தும், கருவறைக்குப் பொருந்தாது, அங்கே நடப்பது வேலையல்ல, மரபு என்கிறார்கள். நல்ல மனிதர்கள் சொல்வதாலேயே இந்த வாதத்துக்கு ஊரில் ஒரு மரியாதை கிடைத்துவிட்டது. அந்த மரியாதைக்கு அது உரியதல்ல என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். உரிய தகுதியும் பயிற்சியும் பெற்ற இந்துக்கள் எவரும் அர்ச்சகராகலாம் என்று 2006 மே மாதம் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. அதற்காக ஆறு பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலையில் சைவம்; திருவல்லிக்கேணியிலும் ஸ்ரீரங்கத்திலும் வைணவம். முதல் அணியில் இருநூறு பேருக்கு மேல் படித்து முடித்தார்கள். தீட்சை பெற்றார்கள். பிறகு காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மதுரை தல்லாகுளம் ஐயப்பன் கோயிலில் பணியில் அமர 2018 ஆயிற்று. 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் 24 பேருக்கு ஒரே நாளில் நியமன ஆணை கிடைத்தது. 2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் பள்ளியில் படித்த மூன்று பெண்கள் சான்றிதழ் வாங்கினார்கள். அரசு அர்ச்சகர் பள்ளியில் படித்து முடித்த முதல் பெண்கள் அவர்கள். இப்படிச் சான்றிதழ் பெற்றவர்கள் கோயில்களில் மூத்த அர்ச்சகர்களிடம் பணிப் பயிற்சி பெற அரசு ஏற்பாடு செய்திருந்தது. அதை எதிர்த்து ஸ்ரீரங்கம் கோயிலின் மிராசு (பரம்பரை உரிமை) கைங்கரியபரர்களின் நலச்சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அதே செப்டம்பர் 25ஆம் தேதி, இப்போதுள்ள நிலையே தொடரட்டும் என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

ஒருவருக்கு ஓட்டுநர் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, உரிமத்தையும் கையில் கொடுத்துவிட்டு, “உங்கள் அப்பாவும் ஓட்டுநர்தானா?” என்று கேட்டுச் சாவியைத் தர மறுத்தால் அதை நாம் என்னவென்று அழைப்போம்? பணியிடப் பாகுபாடு என்போம். அரசே பள்ளி நடத்தி, அரசே சான்றிதழ் கொடுத்து, அரசுச் சட்டத்தின்கீழ் நிரப்பப்படும் பணியிடத்தில் இதே கேள்வி எழும்போது மட்டும் வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

வேலையா, உரிமையா?

முதல் வாதம், அர்ச்சகம் ஒரு வேலையே அல்ல என்பது. இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சமய நிறுவனங்கள் உள்ளன. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, கோயில் பணியாளர்களை யார் நியமிப்பது என்று சொல்கிறது. அந்தப் பணியாளர்களில் அர்ச்சகரும் ஒருவர். பணிக்கான தகுதி, ஒழுங்கு நடவடிக்கை முதலியவற்றுக்கு 2020இல் தனி விதிகளே வந்துவிட்டன. அர்ச்சகருக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருவதில்லை, கோயில் நிதியிலிருந்து வருகிறது. அந்த அளவில் அவரை அரசு ஊழியர் என்று சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் அவரை நியமிக்கவும் விளக்கம் கேட்கவும் பணிநீக்கம் செய்யவும் உள்ள அதிகாரம் அரசு இயற்றிய சட்டத்திலிருந்து வருகிறது. ஸ்ரீரங்கம் போன்ற பெரிய கோயில்களில் அந்த அதிகாரத்தைச் செலுத்துகிற இணை ஆணையர், அரசு அதிகாரி.

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டது. தந்தைக்குப் பின் மகன் என்ற வாரிசு முறையை நீக்கி 1971 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தை எதிர்த்து அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் வழக்குப் போட்டார்கள். சேஷம்மாள் வழக்கு என்று அது பெயர் பெற்றது. 1972 மார்ச் 14 அன்று வந்த தீர்ப்பு திருத்தத்தைச் செல்லும் என்றது. அர்ச்சகர் செய்யும் பூசை சமயச் செயல். அவரை நியமிப்பது சமயம் சாராத நிர்வாகச் செயல். வாரிசு முறை வெறும் வழக்கம்தான், சமயத்தின் கூறு அல்ல. இந்த வேறுபாட்டில்தான் முழு விவகாரமும் நிற்கிறது.

ஒருகால பூசைக் கோயில்களின் அர்ச்சகர்களுக்கு 2021இல் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகை போதாது, ஓய்வூதியம் வேண்டும், நிரந்தரப் பணி வேண்டும் என்று அர்ச்சகர்கள் கேட்பது முழுக்க நியாயம். தட்டுக் காசை நம்பிக் குடும்பம் நடத்தச் சொல்வது எந்தப் பணியாளருக்கும் அநீதி. ஆனால் ஊதியம் கேட்கும்போது பணியாளர், காலியிடம் நிரப்பும்போது பரம்பரை உரிமையாளர் என்று இரண்டு நிலைகளை ஒருவரே எடுக்க முடியாது. பணியாளருக்குரிய பாதுகாப்பு எல்லாம் அர்ச்சகருக்கு வேண்டும் என்றால், பணிக்கு வருகிறவருக்குரிய சம வாய்ப்பையும் ஏற்றாக வேண்டும்.

ஆகமம் சொல்வது எது?

அடுத்தது கனமான வாதம். கோயில் வழிபாட்டு நெறியை வகுக்கும் ஆகமம் அனுமதிக்காது என்பது. சிவாலயங்களில் ஐந்து ரிஷிகளின் வழிவந்த ஆதிசைவர்கள்தாம் மூர்த்தியைத் தொடலாம். வைணவத்தின் வைகானசக் கோயில்களில் வைகானசக் குடும்பத்தில் பிறந்தவர்தாம் பூசை செய்யலாம். இதைச் சொல்கிறவர்கள் கூடவே ஒன்றையும் சேர்க்கிறார்கள்: “இதில் சாதியே இல்லை. பிராமணர்களிலேயே ஸ்மார்த்தர் உள்ளே போக முடியாது. அப்படியிருக்க இது எப்படிச் சாதிப் பாகுபாடு ஆகும்?”

தகவல் சரி. சேஷம்மாள் தீர்ப்பும் இதைக் குறிப்பிடுகிறது. ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. வாசலை ஒரு சாதிக்கு மட்டும் திறப்பது பாகுபாடு என்றால், அந்தச் சாதிக்குள்ளும் சில குலங்களுக்கு மட்டும் திறப்பது அதைவிடக் குறுகிய பாகுபாடு. வெளியே நிறுத்தப்பட்டவர்களில் பிராமணர்களும் உண்டு என்பதால் வெளியே நிறுத்துவது நியாயமாகிவிடாது. படித்தும் தீட்சை பெற்றும் நோன்பிருந்தும் ஒருவரால் எட்ட முடியாத தகுதி அங்கே கேட்கப்படுகிறது. அந்தத் தகுதியின் பெயர் பிறப்பு. சாதியின் இலக்கணமும் அதுதான்.

ஆதிசைவ சிவாச்சாரியார்கள் நலச்சங்கம் தொடுத்த வழக்கில் 2015 டிசம்பர் 16 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இரு தரப்பும் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுகின்றன. முழுதாகப் பார்ப்போம். ஆகமக் கோயில்களில் நியமனம் அந்தந்த ஆகமத்தை ஒட்டி இருக்க வேண்டும், தகராறு வந்தால் கோயில் கோயிலாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். குறிப்பிட்ட ஒரு வழிபாட்டுப் பிரிவைச் சேர்ந்தவரையே நியமிப்பது சமத்துவத்துக்கு எதிரானதல்ல என்றும் சொன்னது. அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டது: அந்தச் சேர்ப்பும் விலக்கும் சாதியையோ பிறப்பையோ அரசியலமைப்பு ஏற்காத வேறு அளவுகோலையோ அடிப்படையாகக் கொண்டிருக்கக் கூடாது. சைவக் கோயிலுக்குச் சைவ தீட்சை பெற்றவர் வேண்டும், வைணவக் கோயிலுக்குப் பஞ்ச சம்ஸ்காரம் ஆனவர் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. அரசியலமைப்பின் 16ஆவது கூறும், சமய நிறுவனப் பதவிக்கு அந்தச் சமயத்தவரோ அந்தப் பிரிவினரோதான் வர வேண்டும் என்று சட்டம் செய்ய இடம் விட்டிருக்கிறது. குலத்தைக் கேட்க அந்தக் கூற்றில் இடமில்லை. சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில் 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: ஆகமத்தில் தேர்ந்தவராக இருந்தால் போதும், வம்சத்துக்கு நியமனத்தில் வேலை இல்லை.

ஆகமம் மாறாதது என்று ஸ்ரீரங்கத்தில் நின்றுகொண்டு சொல்வதுதான் எனக்குப் பெரும் வியப்பு. இந்தக் கோயிலின் வரலாறு சொல்லும் கோயிலொழுகு என்ன சொல்கிறது? இராமானுசர் இங்கே வந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தபோது, வைகானச முறையில் நடந்துவந்த பூசையைப் பாஞ்சராத்திர முறைக்கு மாற்றினார். ஐந்தாக இருந்த பணியாளர் பிரிவுகளைப் பத்துக் கொத்தாக விரித்தார். எதிர்ப்பு இல்லாமலா இதெல்லாம் நடந்திருக்கும்? இன்று மரபு என்று காட்டப்படும் அமைப்பே ஒரு நிர்வாகச் சீர்திருத்தத்தின் விளைவு. ஆகமத்தையே மாற்றிய ஆசாரியரின் திருமேனி எழுந்தருளியிருக்கும் கோயிலில், காலியிடத்துக்கு ஆள் எடுக்கும் முறையை மாற்றக் கூடாது என்று வாதிடுகிறோம்.

காவிரியின் தென்கரையில் இருக்கும் உறையூர் இந்தக் கோயிலுக்கு இரண்டு பேரைத் தந்தது. ஒருவர் பாணர் குலத்துத் திருப்பாணாழ்வார். லோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் சுமந்து அரங்கன் திருமுன் சேர்த்தார் என்று வைணவ மரபு போற்றுகிறது. மற்றவர் பிள்ளை உறங்காவில்லிதாசர், பிராமணரல்லாத மல்லர். காவிரியில் நீராடித் திரும்பும்போது இராமானுசர் கை ஊன்றிக்கொண்டது அவர் தோளில். கேட்டவர்களுக்கு, செருக்கற்ற இந்தத் தோள் தூயது என்று அவர் விடை சொன்னதாக குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. “ஆழ்வாரை நாங்கள் வணங்குகிறோமே, எங்களிடம் ஏது சாதி?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கேள்வி. திருப்பாணாழ்வாரின் குலத்தில் இன்று பிறந்த ஓர் இளைஞர், அவர் பாடிய பெருமானுக்குத் திருவாராதனம் செய்யக் கற்று, தேர்வெழுதி, சான்றிதழோடு வந்து நின்றால் அவரை உள்ளே விடுவீர்களா? விட மாட்டோம் என்றால், ஆழ்வாருக்கு நாம் செலுத்தும் வணக்கம் குலத்தால் அவர் பட்ட அவமதிப்பைத் தீர்க்கவில்லை.

ஆகமத்தின் பெயரால் கதவை மூடுவது புதிதும் அல்ல. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, ஆகமம் கெட்டது என்று சொல்லிப் பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்து நுழைந்தவர்களைக் காத்தது. 1947இல் மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அன்று கேட்ட அதே ஆகமக் குரலைக் கேட்டு நின்றிருந்தால், இன்று ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசிக்கு வரும் கூட்டத்தில் பெரும் பகுதி ராஜகோபுரத்துக்கு வெளியேதான் நின்றிருக்கும். மின்விளக்கையும் ஒலிபெருக்கியையும் கட்டண தரிசன வரிசையையும் ஏற்றுக்கொண்ட ஆகமம், மனிதர் விஷயத்தில் மட்டும் அசையாது என்பது சாத்திரத்தின் பிடிவாதம் அல்ல. மனிதரின் பிடிவாதம்.

மந்திரம் தப்பினால்?

தகுதி குறையும் என்ற அச்சம் அடுத்து வருகிறது. உச்சரிப்பு தவறும், முத்திரை தவறும், நித்திய பூசை கெடும் என்கிறார்கள். நியாயமான அச்சம். அதற்கு மருந்து தேர்வு. பயிற்சிப் பள்ளியில் படித்தவரையும் பாடசாலையில் படித்தவரையும் தந்தையிடம் கற்றவரையும் ஒரே தேர்வில் உட்கார வையுங்கள். தந்தையிடம் சிறு வயது முதல் கற்றவர் நன்றாகச் செய்தால் அவருக்கே பணி கொடுங்கள். பரம்பரையில் வந்தவரை நீக்குங்கள் என்று யாரும் கேட்கவில்லை. பரம்பரையை மதிப்பெண்ணாகக் கூட்டாதீர்கள் என்பதே கோரிக்கை. தகுதியில் உண்மையான அக்கறை உள்ளவர் பொதுத் தேர்வுக்கு அஞ்ச மாட்டார்.

பெண்களைப் பற்றிய தடை இன்னும் பலவீனமானது. மாதத்தில் சில நாள் கோயிலுக்கு வர முடியாது என்பதுதான் காரணமென்றால், தீட்டு வந்தால் ஆண் அர்ச்சகரும் விலகித்தான் இருக்கிறார். அந்த நாட்களுக்கு மாற்று ஆள் போடுவது எந்தப் பெரிய கோயிலிலும் நடக்கும் முறைதான். 2006இல் உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் ஒரு பெண் ஓதுவார் நியமிக்கப்பட்டார். தேவாரம் பாட அவர் குரல் தடையாகவில்லை. கற்று வந்த பெண் அர்ச்சனை செய்யவும் தடை சொல்ல, பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

இது நாத்திகர்களின் திட்டம், பக்தியில்லாதவர்களுக்குக் கோயிலில் என்ன வேலை என்றும் கேட்கிறார்கள். பெரியார் அறிவித்த கருவறை நுழைவுக் கிளர்ச்சி 1971 திருத்தச் சட்டத்துக்கு உந்துதல் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாரிசு அர்ச்சக முறையை ஒழிக்கப் பரிந்துரைத்தது காங்கிரஸ்காரரான இளையபெருமாள் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு. 1969இல் அது அறிக்கை தந்தது. அதைவிட முக்கியம், பயிற்சிப் பள்ளியில் சேர்கிறவர்கள் யார் என்பது. விடியலுக்கு முன் எழுந்து, குளித்து, திருமண் இட்டு, திவ்யப் பிரபந்தம் மனப்பாடம் செய்து, பல ஆண்டுகள் வேலை இல்லாமல் காத்திருந்தும் அந்தக் கோலத்தைக் களையாதவர்கள். இவர்களுடைய பக்தியை எந்த அளவுகோலில் அளக்கப் போகிறோம்?

அரசுக்கு இங்கே என்ன வேலை?

கடைசியாக ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். எந்த மதத்திலும் அரசு பூசாரியை நியமிப்பதில்லை. அமெரிக்காவில்கூடச் சமய விஷயத்தில் பாகுபாட்டுச் சட்டம் நுழையாது. இது வலுவான எடுத்துக்காட்டு. 2012இல் மிச்சிகன் மாநில லுத்தரன் திருச்சபைப் பள்ளி ஒன்றின் வழக்கில், அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம் தோற்றது. தன் சமயப் பணியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை திருச்சபைக்கு உண்டு, பாகுபாட்டுச் சட்டம் அங்கே செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஆனால் அங்கே வேலை கொடுப்பது திருச்சபை. ஸ்ரீரங்கத்தில் பணி ஆணையில் கையெழுத்திடுவது அரசு அதிகாரி. அரசின் கையெழுத்து விழும் இடத்தில் அரசியலமைப்பு வந்தே தீரும். அப்படியானால் அரசு விலகட்டுமே என்பார்கள். 1925இல் நீதிக்கட்சி ஆட்சி அறநிலையச் சட்டம் கொண்டுவந்ததற்குக் காரணம், கோயில் நிலமும் நகையும் தனியார் கையில் கரைந்துகொண்டிருந்ததுதான். இன்று விலகினால் சொத்து யார் கைக்குப் போகும் என்பதற்கு ஒரு நேர்மையான பதிலை இதுவரை யாரும் வைக்கவில்லை. அதோடு, தீண்டாமையை ஒழித்த 17ஆவது கூறு அரசுக்கு மட்டுமான கட்டளை அல்ல. தனி மனிதரையும் தனி அமைப்பையும் அது கட்டுப்படுத்தும். அரசு விலகினாலும் கேள்வி விலகாது.

கேரளம் நம்மைவிடப் பக்தியில் குறைந்ததல்ல. எர்ணாகுளம் பகுதிச் சிவன் கோயிலில் ஈழவர் ஒருவரைச் சாந்திக்காரராக (பூசகராக) நியமித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. 2017இல் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தேர்வும் நேர்முகமும் வைத்து, பிராமணரல்லாத 36 பேரைப் பூசகர்களாக எடுத்தது. அவர்களில் ஆறு பேர் தலித்துகள். அந்தக் கோயில்களில் நடை திறக்கிறது, பூசை நடக்கிறது, பக்தர்கள் வருகிறார்கள்.

பாதிக் கதவு போதாது

இத்தனைக்கும் பிறகு சமரசம் ஒன்று முன்வைக்கப்படுகிறது. ஆகமம் இல்லாத கோயில்களில் எல்லோரையும் நியமியுங்கள், ஆகமக் கோயில்களை விட்டுவிடுங்கள். 2020 விதிகளைச் செல்லும் என்ற சென்னை உயர் நீதிமன்றமும், 2022 ஆகஸ்டில், ஆகமக் கோயில்களுக்கு அவை பொருந்தாது என்று பிரித்தது. எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி சொக்கலிங்கம் தலைமையில் குழு அமைந்தது. 2025இல் உச்ச நீதிமன்றமும் ஆகமம் சாராத கோயில்களில் நியமனத்துக்கு வழிவிட்டது. சட்டப் போராட்டத்தில் இது ஓர் அடி முன்னேற்றம். இதையே முடிவாக ஏற்றால் பெரும் பிழை.

ஏனென்றால் ஊர்ப்புறத்து அம்மன் கோயிலிலும் ஐயனார் கோயிலிலும் பண்டாரமும் வேளாரும் மற்றவர்களும் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்துதான் வருகிறார்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் கதவைத் திறந்துவிட்டதாகச் சொல்வதில் சீர்திருத்தம் ஏதுமில்லை. வருமானமும் மதிப்பும் உள்ள பெருங்கோயில்கள் பிறப்புக்கு, வருமானமற்ற சிறு கோயில்கள் பயிற்சிக்கு என்று பிரித்தால், துப்புரவு ஒரு சாதிக்கு, மேசை ஒரு சாதிக்கு என்று பழைய அலுவலகங்கள் பிரித்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அரசியலமைப்பு தருவதாகச் சொல்லும் சம வாய்ப்பு, எல்லாப் பணியிடத்துக்கும் போட்டியிடும் உரிமை.

திருச்சிக்குப் பக்கத்தில் குமாரவயலூர் முருகன் கோயிலைப் பாருங்கள். 2021இல் நியமிக்கப்பட்ட 24 பேரில் இருவர் இங்கே வந்தார்கள். ஏற்கெனவே அங்கே பணியாற்றிவந்த சிவாச்சாரியார்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி, ஆகமத்தைக் காரணம் காட்டி அந்த நியமனங்களை ரத்து செய்தார். அந்தத் தீர்ப்போடு நான் உடன்படவில்லை. 2015 தீர்ப்பு போட்ட பிறப்பு கூடாது என்ற நிபந்தனையை அது பின்னுக்குத் தள்ளிவிட்டது என்றே கருதுகிறேன். ஆனால் வழக்குத் தொடுத்தவர்களை வில்லன்களாக்கவும் மாட்டேன். நெடுநாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்காமல் விட்டுவிட்டு, அவர் நிற்கும் இடத்திலேயே புதியவரை நிறுத்தினால் இருவரும் மோதத்தான் செய்வார்கள். அது நிர்வாகத்தின் தவறு. பழையவருக்குப் பணிப் பாதுகாப்பும் புதியவருக்குப் பணி வாய்ப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒரே ஆணையில் கொடுக்க முடியும்.

நியமன ஆணையோடு வேலை முடிவதும் இல்லை. 2025இல் கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயிலில், ஆள்தேர்வு வாரியம் முறைப்படி தேர்ந்தெடுத்து அனுப்பிய ஈழவ இளைஞர் ஒருவர் மாலை கட்டும் கழகப் பணியில் சேர்ந்தார். தந்திரிகள் பூசையைப் புறக்கணித்தார்கள். நிர்வாகம் அந்த இளைஞரை அலுவலக வேலைக்கு மாற்றியது. தேர்வில் வென்றவர் விலகினார், புறக்கணித்தவர்கள் அப்படியே இருந்தார்கள். பணியிடப் பாகுபாடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆணையைக் கையில் கொடுத்துவிட்டு, கருவறைப் படியில் அவரைத் தனியாக நிற்க விடும் அரசு, அந்த ஆணையை முழுதாகக் கொடுக்கவில்லை.

ஆகவே அறநிலையத் துறை செய்ய வேண்டியவை வெளிப்படையானவை. ஒவ்வொரு கோயிலுக்கும் எந்த ஆகமம், அந்த ஆகமம் கேட்கும் பயிற்சி என்ன, தீட்சை என்ன என்பதைக் கற்றுக்கொள்ளக்கூடிய தகுதிகளாக எழுதி வெளியிட வேண்டும். அர்ச்சகர் காலியிடங்களைக் கோயில்வாரியாக அறிவித்து, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். நெடுநாள் தற்காலிகப் பணியில் இருப்பவர்களை நிரந்தரமாக்க வேண்டும். பயிற்சி கொடுக்கவோ உடன் நின்று பணி செய்யவோ மறுப்பவர் யாராக இருந்தாலும் விளக்கம் கேட்க வேண்டும். சாதியாலோ பாலினத்தாலோ ஒதுக்கப்பட்ட அர்ச்சகரின் புகாரை, அதே கோயில் நிர்வாகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் குறித்த காலத்துக்குள் விசாரிக்க வேண்டும். நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் பேச வேண்டியதும் ஒன்றுண்டு: பிறப்பை அளவுகோலாக்கக் கூடாது என்ற 2015 தீர்ப்பின் நிபந்தனையை ஒவ்வொரு விசாரணையிலும் முன்னால் வைக்க வேண்டும்.

பக்தர்களாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கருவறையில் நிற்பவரின் குலத்தை விசாரிக்காமல் தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொள்ளும் நாள் வராதவரை, எந்தத் தீர்ப்பும் தாளிலேயே இருக்கும். அர்ச்சகர் பணிக்கு வேண்டியவை கல்வி, தீட்சை, ஒழுக்கம், பக்தி. நான்கையும் ஒருவர் முயன்று அடையலாம், நான்கையும் சோதித்துப் பார்க்கலாம். ஐந்தாவதாகப் பிறப்பைக் கேட்கும் உரிமை அரசுச் சட்டத்தின்கீழ் நடக்கும் எந்த நியமனத்திலும் எவருக்கும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் படித்து முடித்தவர்களுக்கு ஸ்ரீரங்கத்திலேயே பணி கொடுங்கள்.